மோட்டார் கொட்டகையில் ஒரு கேரம் போர்டு

என்னைக் கேரம் ஆட விட்டதற்கு அப்பா சொன்ன ஒரே காரணம், அதை உட்கார்ந்தே ஆடலாம் என்பதுதான். கபடி என்றால் டிராயர் போட வேண்டும். ஓட்டம் என்றால் வெயிலில் கருத்துப்போவேன். வாலிபால் என்றால் குதிக்க வேண்டும், வயசுப் பெண் குதித்தால் ஊர் பார்க்கும். கேரமில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஃபேனுக்குக் கீழே தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு விரல் மட்டும் அசைந்தால் போதும். திண்டிவனத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியின் கேரம் குழுவில் பாதிப் பேர் இப்படி வீட்டார் தேர்ந்தெடுத்துக் கொடுத்த விளையாட்டை ஆட வந்தவர்கள்தான். எனக்கும் முதலில் அந்தப் பலகையின் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

ஆசைப்பட்டு வந்தவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் ஊர்க்காரி, பெருமுக்கல் பக்கம். ஊர்க்காரி என்றால் ஊருக்குள் இருப்பவள் இல்லை, காலனியில் இருப்பவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் கொல்லையில் வேலை செய்தவர்கள். எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர் இருந்தது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவோம். பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் வாடி போடி. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நாலடி பின்னால் வர ஆரம்பிப்பாள். எங்கள் வாசலுக்கு ஏதாவது வேலையாக வந்தால் என்னை எப்படியும் கூப்பிட மாட்டாள். வாடி என்றும் சொல்ல முடியாது, வாங்க என்று சொல்லவும் வாய் வராது. அதனால் ஆளைக் கூப்பிடாமலே பேசி முடிக்கும் வித்தையைப் பழகி வைத்திருந்தாள். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளாவது, சும்மா பேர் சொல்லியே கூப்பிடுடி என்று நான் சொன்னதில்லை.

இரட்டையர் ஆட்டத்துக்கு எங்களை ஜோடி சேர்த்தது பி.டி. டீச்சர். எங்கள் திறமையைப் பார்த்து ஒன்றும் சேர்க்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்சுதானே? பிராக்டீஸ் லேட்டானாலும் ஒண்ணாப் போயிக்குவீங்க, எனக்கு பேஜாரு இல்ல" என்றார். அவ்வளவுதான். பஸ் நேரம் பார்த்துச் சேர்த்த ஜோடி நாங்கள்.

கேரமில் ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வதில்லை, எதிரும் புதிருமாக உட்கார்வார்கள். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. எந்தக் காயை எடுக்கலாம் என்பதைப் பார்வையாலேயே புரிந்துகொள்ள வேண்டும். ஒன்றரை வருஷம் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாவின் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் நான் பார்த்திருக்க மாட்டேன். நான் நிதானம். நேராகத் தெரிகிற காயைத்தான் அடிப்பேன். அவளுக்கு நேரான காய் என்றால் சலிப்பு. ஆள்காட்டி விரலை நடுவிரலோடு கோத்து, கத்திரி மாதிரி விட்டாள் என்றால் ஸ்ட்ரைக்கர் இரண்டு பக்கக் கட்டையிலும் மோதித் திரும்பி வந்து, நான் கைவிட்ட காயைக் கொண்டுபோய்ப் பாக்கெட்டில் போடும். அடித்து முடித்ததும் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பாள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் புருவத்துக்காகத்தான் எனக்கும் ஆட்டத்தில் ஆசை வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

விழுப்புரத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் ஜெயித்தோம். பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் எங்கள் இருவரின் படமும் வந்தது. அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் படத்தை வெட்டி ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். மாட்டிய பிறகு பார்த்தால் ஃபிரேமுக்குள் நான் மட்டும் இருந்தேன். என் தோளுக்கு அருகில் அவளுடைய முழங்கை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. "ஃபிரேம் சைசுக்கு அடங்கல" என்றார். நானும் அதை நம்புகிற மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்தது திருச்சியில் மாநிலப் போட்டி. அதற்கு ஒன்றரை மாதம் இருந்தது. தினமும் ஜோடியாக ஆடிப் பழக வேண்டும், பள்ளிக்கூடத்துப் போர்டை லீவு நாளில் பூட்டி வைத்துவிடுவார்கள், வீட்டில் ஒரு போர்டு இருந்தால் நல்லது என்று பி.டி. டீச்சர் சொல்லி அனுப்பினார். அப்பா மறுநாளே பாண்டிச்சேரிக்குப் போய், பஸ் கூரை மேல் ஏற்றிப் புதுப் போர்டைக் கொண்டுவந்து இறக்கினார். கனமான கறுப்புக் கட்டை ஃபிரேம், முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் பலகை. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. அப்புறம்தான் அதை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. வீட்டுக்குள் போட்டால் அவள் வீட்டுக்குள் வர வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள் எங்கள் வீட்டில் ஏராளம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வூட்ல வெளிச்சம் பத்தாது. மோட்டார் கொட்டாயில போட்டுக்கோங்க, நல்லா காத்து வரும்" என்றார். டீக்கடையில் போய், "நானே போர்டு வாங்கிப் போட்டு, காலனிப் பொண்ணையும் ஆட வுட்டுக்கினு கீறேன். எவன் செய்வான்?" என்று சொல்லிக்கொண்டும் இருந்தார்.

மோட்டார் கொட்டகை கிணற்றை ஒட்டி இருந்தது. காற்று வந்ததோ இல்லையோ, ஈரம் வந்தது. பத்தே நாளில் போர்டு ஊறி, நடுவில் ஒரு மயிரிழை அளவுக்கு வளைந்துவிட்டது. மெதுவாக விட்ட காயெல்லாம் மோட்டார் பக்கத்துப் பாக்கெட்டைப் பார்த்தே போகும். போரிக் பவுடர் டப்பா தீர்ந்துபோன ஒரு நாள் அம்மாவின் முகப் பவுடரைக் கொட்டி ஆடினோம். காய் நகராமல் அப்பிக்கொண்டது, கொட்டகை மட்டும் கல்யாண வீடாக மணத்தது. எனக்கு உட்கார அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். போர்டில் ஆட வேண்டுமென்றால் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்தாக வேண்டும். நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, உரச் சாக்கை மடித்துப் போட்டு நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அந்தச் சாக்கில் உட்கார்ந்ததை அப்போது நான் பெரிய புரட்சியாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இந்தப் போட்டியில் நான் இழப்பதற்கு ஒன்றுமில்லை. தோற்றாலும் பி.காம். சேரப் போகிறேன், ஜெயித்தாலும் பி.காம்.தான். அவளுக்கு அப்படி இல்லை. மாநிலத்தில் முதலில் வருகிற ஜோடி மட்டும் தேசியப் போட்டிக்குப் போகும். வடக்கே எங்கேயோ, ரயிலில் போய்வரப் பத்து நாள். அந்தப் போட்டிக்குப் போன சர்டிபிகேட் இருந்தால் உடற்கல்விக் கல்லூரியில் சீட் நிச்சயம் என்று பி.டி. டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். மார்க்கை வைத்து அவளுக்கு எங்கும் இடம் கிடைக்காது, இந்த ஒரு வழிதான் என்றும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவள் வாயாலேயே விசில் ஊதிப் பழகுவாள். "பி.டி. டீச்சர் ஆனா விசில் நல்லா ஊதணுமில்லடி" என்பாள். கண்டக்டர் தன் விசிலைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து முறைப்பார்.

மார்கழி வந்தது. மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைக்க வேண்டும். விதைக்கு மெஷினில் உடைத்தால் பருப்பு பிளந்துவிடும், கையால்தான் உடைக்க வேண்டும். வாசலில் சாக்கை விரித்து, காலனிப் பெண்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து உடைப்பார்கள். மல்லாட்டையின் மூக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்த வேண்டும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் விரல் நுனித் தோல் வெடித்துவிடும். அவளும் அவள் அம்மாவோடு வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உடைப்பு, லீவு நாளானால் காலையிலிருந்தே உடைப்பு. "நாலு மரக்கா உடைச்சுட்டுப் போய் ஆடட்டும், போர்டு எங்க ஓடிப்போவுது?" என்றார் அம்மா.

அவளை விட்டுவிடுங்கள், அவளுக்கு அந்த விரல் வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வரிதான். நான் சொல்லவில்லை. கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, காய்களை அடுக்கி அடுக்கி அடித்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து மல்லாட்டை உடைகிற சத்தம் படபடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். வெயில் சாய்கிற நேரத்துக்கு வந்து எதிரே உட்காருவாள். ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். ஸ்ட்ரைக்கரை விடுவதற்கு முன் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வாள். "ஜல்தி வாடி, இருட்டப்போவுது" என்பதுதான் நான் காட்டிய அக்கறை.

ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் அனுமதி கேட்டார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டு, "தாராளமா கூட்டிக்கினு போங்க மேடம். ஜெயிச்சா இந்தியா பூராவும் சுத்திட்டு வரட்டும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த அப்பா இப்படிச் சொல்வார் என்று அன்றைக்கு என்னோடு படித்தவர்கள் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள்.

திருச்சியில் இரண்டு நாள் அவள் ஆடிய ஆட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விரலில் துணி சுற்றியவள், சுற்றாத எல்லோரையும் விழுங்கினாள். வளைந்த போர்டில் பழகிய நான் சமமான போர்டில் தடுமாறினேன். அவள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். மூன்றாவது கேம், இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. கடைசி போர்டு. சிவப்புக் காய் எங்களுக்கு விழுந்துவிட்டது. எங்களுக்கு மிச்சம் ஒரே ஒரு வெள்ளைக் காய், எதிராளிகளுக்கு இரண்டு கறுப்பு. அந்த வெள்ளைக் காய் என் இடது கைப் பக்கப் பாக்கெட்டின் வாயில் தொங்கிக்கொண்டு நின்றது. அவளுக்கு நேர்க்கோடு. கைக்குழந்தை தள்ளிவிட்டால்கூட விழுகிற காய். முறை அவளுடையது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது, ஒன்றரை வருஷத்தில் அடிப்பதற்கு முன் அவள் என்னைப் பார்க்காமல் இருந்ததில்லை. ஸ்ட்ரைக்கரை வைத்தாள், பலமாக விட்டாள். காய் விழுந்தது. அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் நேராகப் போய்ப் பாக்கெட்டில் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் விழுந்தால் மைனஸ். விழுந்த காயோடு அபராதமாக இன்னொரு காயும் வெளியே வந்து நடுவில் உட்கார்ந்தது. அடுத்து ஆடிய பெண் இரண்டு கறுப்பையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டாள். முடிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. பெரம்பலூர் தாண்டியதும் அவளாகவே, "கை வலிச்சுதுடி" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு விஷம் வந்ததோ தெரியவில்லை. "மல்லாட்டை உடைக்கிற கைக்கு ஸ்ட்ரைக்கர் எதுக்குடி?" என்றேன். முன் சீட்டில் இருந்த பி.டி. டீச்சருக்கு அது கேட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். அவள் திண்டிவனம் வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு வகுப்பில் நான் இடம் மாறி உட்கார்ந்தேன். பிளஸ் டூ முடிந்ததும் அவளை ஒரு செருப்புக் கம்பெனி வேலைக்கு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் கல்யாணம், எந்த ஊர் என்று தெரியாது. நான் பி.காம். படித்தேன், விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டேன். அந்தப் போர்டின் மேல் அம்மா பல வருஷம் வடாம் காயவைத்தார். உப்பும் வெயிலும் பட்டு மேல் பலகை உரிந்து, கடைசியில் தவிட்டுப் பீப்பாய்க்கு மூடியானது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் விரலில் சுற்றியிருந்த துணிதான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் மல்லாட்டைதான் அவள் வாழ்க்கையைக் கெடுத்தது, அதைத் தடுக்காத நானும் கெடுத்தேன் என்ற குற்ற உணர்ச்சியோடே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். முட்டி தேய்ந்துவிட்டது, நினைவு கத்தி மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் "எம் பொண்ணு கேரம்ல ஸ்டேட் பிளேயரு" என்று ஆரம்பித்துவிடுவார்.

போன பொங்கலுக்கு, எட்டாவது படிக்கும் என் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கும் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். கோலம், லெமன் ஸ்பூன், அம்மாக்களுக்குக் கேரம். அம்மாக்களுக்கு ஏன் கேரம் என்று கேட்டதற்கு, பட்டுப்புடவை கசங்காது என்றார் ஒரு டீச்சர். ஒரு ஹாலில் ஆறு போர்டு போட்டிருந்தார்கள். நீலப் புடவை யூனிஃபார்மில் ஒரு ஆயா ஒவ்வொரு போர்டாகத் துடைத்து, பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள். மற்ற ஆயாக்கள் என்றால் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் துடைத்த பிறகு ஒரு காயை வைத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஸ்ட்ரைக்கரை விட்டுப் பார்த்தாள். ஆள்காட்டி விரலை நடுவிரலோடு கோத்து விட்டாள். இரண்டு கட்டையில் மோதி வந்து காய் விழுந்தது.

நான் அவள் பின்னாலேயே கை கழுவும் குழாய் வரைக்கும் போனேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "ஒம் பொண்ண கேட்ல தெனமும் பாக்குறேன். ஒன்ன மாதிரியேதான் நடக்குது" என்றாள். மூன்று வருஷமாக அதே பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷமாக என்னையும் பார்த்திருக்கிறாள், கூப்பிடவில்லை. இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை நான் எடுத்துவிட்டேன். அன்றைக்குப் பஸ்ஸில் நான் சொன்னதற்கு, எங்கள் வீட்டு மல்லாட்டையை உடைத்து உன் விரல் போனதற்கு, என்று ஆரம்பித்தேன்.

"வெரலா?" என்று சிரித்தாள். "வெரலு நல்லாத்தான்டி இருந்துச்சு. அந்த வெரலை வெச்சுக்கினுதானே ரெண்டு நாளு ஆடுனேன்?"

"அப்போ அந்தக் காயி?"

"ஒங்கப்பாவக் கேளு."

நான் விடவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். நாங்கள் திருச்சிக்குக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், உடைத்த பருப்பை அளந்து கொட்டும்போது, அப்பா அவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். என் பொண்ணு ரயிலேறக் கூடாது, உன் பொண்ணுகிட்டச் சொல்லிவை என்றிருக்கிறார். ஏறினால், அவர்கள் யாரும் எங்கள் கொல்லைப் பக்கம் வேலைக்கு வரக் கூடாது, எங்கள் வரப்பு மேலும் கால் வைக்கக் கூடாது. காலனியிலிருந்து ரோட்டுக்குப் போக எங்கள் வரப்பை விட்டால் வேறு வழி கிடையாது.

"எங்கம்மா வூட்டுக்கு வந்து எங்காலுல வுழுந்துச்சு" என்றாள். "பெத்தவ காலுல வுழுந்தா நீ இன்னாடி பண்ணுவ?"

நான் ஒரு மடத்தனமான கேள்வி கேட்டேன். தோற்பதென்றால் முதல் ஆட்டத்திலேயே தோற்றிருக்கலாமே, ஏன் கடைசிக் காய் வரைக்கும் வந்தாய் என்று கேட்டேன்.

"ஜெயிக்க முடியுமான்னு எனக்குத் தெரியணுமில்ல?" என்றாள். "தெரிஞ்சுக்கினேன்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவள், "நீ ஒங்கப்பா பொண்ணுடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊர் பேர் சொல்வது போல் சொன்னாள். நான் மன்னிச்சுடுடி என்று அவள் கையைப் பிடித்தேன். ஈரக் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நீ எதுக்குக் கேக்கற? ஒங்கப்பாவ ஒரு தபா கேக்கச் சொல்லு. எங்கிட்ட வாணாம். எங்கம்மா போயி நாலு வருஷம் ஆவுது. போன்ல பேசுனாலும் சரி, படத்துக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல போட்டு வெக்கிறேன்."

நம்பர் கொடுத்தாள், என் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். கண்டிப்பாகக் கேட்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வீரமாக வீட்டுக்கு வந்தேன்.

அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மழுப்புவார், மறந்துவிட்டேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிவியின் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"ஆமா, சொன்னேன். அதுக்கு இன்னா இப்போ?"

"ஏம்பா? நீங்கதானே போர்டு வாங்கிக் குடுத்தீங்க? நீங்கதானே ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டத் தாராளமாக் கூட்டிக்கினு போங்கன்னீங்க?"

"பின்ன? முடியாதுன்னா நீ அழுவ, அந்தம்மா கோச்சுக்கும், டீக்கடையில நாலு பேரு சிரிப்பான். பத்து நாளு ரயில்ல, ஆம்பள கோச்சுங்களோட, அந்தப் பொண்ணோட ஒரே தட்டுல துன்னுக்கினு ஒரே ரூம்புல படுத்துக்கினு வருவ. நாளைக்கு ஒன்ன எவன் கட்டுவான்? யாரு ஜவாப்பு சொல்றது?"

இதில் அவருக்கு எது பெரிய பயம், கோச்சா, தட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவளுடைய வாழ்க்கை போயிற்றே அப்பா என்றேன்.

"இன்னா போச்சு? ஸ்கூல்ல வேலை செய்யணும்னுதானே ஆசப்பட்டா? ஸ்கூல்லதானே கீறா?"

அவரை அடிக்கலாம் போல் இருந்தது. பெற்ற அப்பாவைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான், ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை போனில் மன்னிப்புக் கேளுங்கள், செத்துப்போனவளிடம் கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கத்தினேன். "கூலிக்காரிகிட்ட? நானா?" என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ மட்டும் இன்னா யோக்கியம்? அது வாசல்ல குந்திக்கினு மல்லாட்ட உடைக்குது, நீ கொட்டாயில குந்திக்கினு ஆடிக்கினு இருந்த. ஒரு நாளு வந்து அத்த வுடுப்பான்னு கேட்டியா? கேட்டிருந்தா வுட்டிருப்பேன்."

கேட்டிருந்தால் அவர் விட்டிருப்பாரா மாட்டாரா என்பது வேறு. நான் கேட்கவில்லை என்பது மட்டும் நிஜம். அவருக்கு அது தெரிந்திருக்கிறது, இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறது. உள்ளே போய் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவி, எட்டு மணிக்கு அவருக்கு இட்லி வைத்தேன். சட்னியில் உப்புக் கம்மி என்றார். உப்பை எடுத்துக்கொண்டு போய் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணினாள். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அன்றைக்கு அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். கூடத்தில் அப்பா திருச்சிக் கதையை எடுத்துவிட்டிருந்தார். எதிராளிகளுக்கு இரண்டு கறுப்பு, நமக்கு ஒரே வெள்ளை என்று, அங்கேயே உட்கார்ந்து பார்த்தவர் போல, காய் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஒங்கப்பாகிட்டக் கேட்டியா?" என்றாள்.

கேட்டேன், மாட்டேன் என்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என் அப்பா அப்படிப்பட்டவர் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், இருந்தும் அதை என் வாயால் சொல்ல எனக்குக் கூசியது.

"அவருக்கு இப்பல்லாம் ஞாபகமே இல்லடி" என்றேன். "வயசாச்சுல்ல. எதைக் கேட்டாலும் முழிக்கிறாரு. பழசு ஒண்ணுமே தெரியல."

"அப்பிடியா?" என்றாள். "எங்கம்மாவுக்குச் சாவற வரைக்கும் ஞாபகம் இருந்துச்சுடி."

போனை வைத்துவிட்டாள்.